ஒருவர் அப்லோட், வீட்டுக்கே தடா

கேள்வி: மகன் மொபைலில் வீடியோ பேக்கப் ஓடினால் வீட்டில் எல்லோருக்கும் நெட் படுத்துவிடுகிறதே, பெரிய பிளானுக்கு மாறலாமா?

பதில்: மாறினால் லாபம் கம்பெனிக்குத்தான், எவ்வளவு வேகம் கொடுத்தாலும் பேக்கப் அதையும் நிரப்பும். கோளாறு பெரும்பாலும் ரவுட்டரில் நீளும் வரிசை. அப்லோட் அடைத்துக்கொண்டால், 'வந்து சேர்ந்தது' என்று உங்கள் கருவி அனுப்பும் ஒப்புகையும் அதே வரிசையில் நிற்கும், டவுன்லோடும் திணறும். பேக்கப் ஓடும்போதும் நிறுத்திய பிறகும் பிங் (பதில் திரும்பிவரும் நேரம்) பாருங்கள்: 20 மில்லிசெகண்ட் 500 ஆகத் தாவினால் சந்தேகம் தீர்ந்தது. இந்த வரிசையை நீளவிடாமல் தடுக்க 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வகுத்த 'கோடெல்' முறையின் வழிவந்த எஸ்கியூஎம் (SQM) வசதி உங்கள் ரவுட்டரில் இருந்தால், அப்லோட் வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். "காசு கொடுத்ததில் பத்து சதவீதம் போச்சே!" என்பீர்கள். இப்போது நூறும் மகனுக்குத்தானே போகிறது? வசதி இல்லையென்றால் பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளுங்கள். மகன் சொன்ன பேச்சு கேட்காவிட்டாலும் மொபைல் கேட்கும்.