இன்னும் அஞ்சு வருஷம் போகட்டும்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. கலிபோர்னியாவில் ஒரு பீர் ஆலையின் பின்கட்டு. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இட்லி தேடுகிற அந்த நேரத்தில் அவர் நீண்ட மேசை ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தாடி மார்பைத் தொடுகிறது. எதிரே தண்ணீர், சப்பென்ற பிஸ்கட், மிச்சத்தைக் கொட்ட ஒரு வாளி, முனையைத் தட்டினால் ஊசி நீளுகிற பேனாப் பென்சில். சீவி எழுதுகிற மரப் பென்சில் இங்கே ஆகாது. மரத்துக்கு வாசனை உண்டு. அது பீரின் வாசனையோடு கலந்துவிடும்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான போட்டி அது. அவர் நடுவர், பெயர் எதற்கு, நடுவர் என்றே வைத்துக்கொள்வோம். நான் எடுபிடி. பாட்டிலைத் திறந்து, ஊற்றி, ஓடிவந்து வைக்கிற வேலை. அலுவலக நண்பன் ஒருவன் இழுத்துவந்துவிட்டான். ஊர்க் கல்யாணங்களில் சாம்பார் வாளி தூக்கிய அனுபவம் இருந்ததால் நானும் சரியென்றுவிட்டேன்.

நம்மூர்ப் பட்டிமன்ற நடுவர் இரண்டு கட்சியையும் பேசவிட்டுக் கடைசியில் தீர்ப்புச் சொல்வார். இவர் கிளாஸை மேசையில் வைக்கும்போதே பாதித் தீர்ப்பை எழுதிவிடுவார். மீதிப் பாதிக்குத்தான் பீர். அன்றைக்கு அவர் மேசைக்கு வந்தது பார்லிவைன். அதற்காகவே அவர் பிறந்திருக்கிறார் என்று நண்பன் சொல்லியிருந்தான். பிறந்தது மட்டுமில்லை, வளர்ந்ததும் அதனால்தான் என்று வயிற்றைப் பார்த்தபோது தெரிந்தது.

பார்லிவைன் என்பது வைன் இல்லை. திராட்சைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் முதலில் வருவது கெட்டியான இனிப்புச் சாறு. தேங்காய்ப்பால் பிழிகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் பால் பாயசத்துக்கு; இரண்டாம் பால், மூன்றாம் பால் குழம்புக்கு. பழைய இங்கிலாந்தில் அந்த முதல் வடியில் பெரிய மனிதர்களுக்கான கடுமையான ‘ஏல்’ வகைப் பீரைக் காய்ச்சினார்கள். அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுத்த நீர்த்த பீர் வேலைக்காரர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் போனது. முதல் சாற்றை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சுண்டக்காய்ச்சினால், ஈஸ்ட் தின்று தின்று களைத்துப்போகிற அளவுக்குச் சர்க்கரை இருக்கும். சாதா பீரில் ஆல்கஹால் 4, 5 சதவீதம் என்றால் இதில் 8 முதல் 12 வரை. வைன் அளவுக்குத் தலைக்கு ஏறுவதால் பெயரிலும் வைன் ஏறிக்கொண்டது. பர்ட்டன் நகரத்து பாஸ் ஆலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் ‘நம்பர் ஒன்’ ஏலை இந்தப் பெயரில் விற்றது. அமெரிக்காவுக்கு வந்ததும் அரசாங்கத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது: லேபிளில் வைன் என்று படித்தால் குடிமக்கள் குழம்பிவிட மாட்டார்களா? அதனால் லேபிளில் ‘பார்லிவைன் பாணி ஏல்’ என்று அச்சிட வேண்டியிருந்தது. நெய் பாணி வனஸ்பதி மாதிரி.

நடுவர் கிளாஸைத் தூக்கினார். குடிப்பார் என்று நினைத்தேன். மூக்கை உள்ளே விட்டார். எடுத்தார். தன் சட்டைக் கையை மோந்தார். மூக்கு பழைய வாசனையை மறப்பதற்காம். மறுபடி விட்டார். உள்ளங்கையால் கிளாஸை மூடி, சுழற்றி, திறந்து, கண்ணை மூடினார். பக்கத்தில் சாம்பிராணி மட்டும்தான் இல்லை. பிறகு எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஊற்றியது 60 மில்லி. எழுதியது ஒரு பக்கம். அதற்குள் நுரை உட்கார்ந்துவிட்டது.

இந்த நடுவர்களுக்கு அமெரிக்காவில் 1985 முதல் ஒரு சான்றிதழ் அமைப்பு இருக்கிறது. மொத்தம் 50 மார்க்கு. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உட்காரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்றதும் எனக்கு நடுவர்கள்மேல் மரியாதை கூடியது. நம்மூரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் கையில் இந்தத் தாளைக் கொடுத்தனுப்பலாம்.

நடுவர் ஆவதும் சும்மா இல்லை. 90 நிமிடத்தில் 6 பீரை ருசித்து, ஒவ்வொன்றுக்கும் தாள் நிரப்ப வேண்டும். நூற்றுக்கு 70 வாங்கினால் ‘சர்டிஃபைடு’, 80 இருந்தால்தான் ‘நேஷனல்’, 90 இருந்தால்தான் ‘மாஸ்டர்’ படிக்கட்டில் கால் வைக்க முடியும். நம் நடுவர் 88. நேஷனல்தான், ஆனாலும் பேச்சு எதில் தொடங்கினாலும் அந்த இரண்டு மார்க்கில்தான் வந்து நிற்கும். “நாலாவது பீர்ல வெண்ணெய் வாசனையைக் கோட்டைவிட்டுட்டேன்” என்றார். அரை மார்க்கில் மெடிக்கல் சீட்டு போன பிள்ளையின் அப்பா குரல் அது. எனக்குப் பரிச்சயமான குரல்.

ஐந்தாவது கிளாஸ் வரும்போது அவர் பாஷை எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. நல்ல பார்லிவைனில் டாஃபி, உலர்ந்த அத்தி, திராட்சை, ரொட்டியின் கருகிய ஓரம் எல்லாம் இருக்க வேண்டும். ஆல்கஹால் நெஞ்சைச் சூடேற்றலாம், சுடக் கூடாது. ஆங்கிலேய வகையில் பார்லி பேசும். அமெரிக்க வகையில் ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ குறுக்கே விழுந்து பேசும். பழசானால் ஷெர்ரி வாசனை வரலாம், அது கௌரவம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அவமானம். இரண்டுமே காற்றுப் பட்டதால் வருவதுதான். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று கலெக்டர், ஒன்று ஊர்சுற்றி என்பது போல.

“உங்களுக்கு என்ன தெரியுது?” என்று ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளினார். மோந்தேன். தீபாவளி லேகியம்! கருப்பட்டி, மிளகு, லேசாகக் காரம், விடிகாலையில் தொண்டைக்குள் இறங்குகிற அதே சூடு. சொன்னேன். லேகியம் என்றால் என்ன என்று கேட்டார். வயிறுமுட்டப் பலகாரம் தின்பதற்கு முன்னாலேயே தின்கிற மருந்து என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “உங்க ஜனங்க நாகரிகமானவங்க” என்றார்.

இவரைப்போல ஒருவரை எனக்கு ஊரிலும் தெரியும். மயிலாப்பூர் சபா கேன்டீன் வாசலில் நிற்பார். உள்ளே யார் பாடினாலும், “இதெல்லாம் என்ன காம்போதி, அந்தக் காலத்துல கேட்டிருக்கணும்” என்பார். அவருக்குப் பழைய கச்சேரி, இவருக்குப் பழைய பாட்டில். சியரா நெவாடா ஆலையின் ‘பிக்ஃபுட்’ பார்லிவைன் 1983 முதல் காய்ச்சப்படுகிறது. அதை வருஷவாரியாக வாங்கி அடுக்கி, ஒரே நாளில் வரிசையாக ருசி பார்ப்பதுதான் இவர்களின் சங்கீத சீசன். சான் பிரான்சிஸ்கோவில் இதற்கென்றே பிப்ரவரியில் ஒரு திருவிழா நடத்திவந்த மதுக்கடை உண்டு. அந்த ஊர் ஆங்கர் ஆலைதான் 1975-இல் ‘ஓல்டு ஃபாக்ஹார்ன்’ காய்ச்சி அமெரிக்காவில் இந்தப் பைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது. ஆலை 2023-இல் மூடப்பட்டதைச் சொல்லும்போது நடுவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஆனால் அவர் வீட்டுக் கதைதான் விசேஷம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. வெளிச்சம் படாது, 13 டிகிரிக்கு மேல் சூடேறாதபடி ஒரு குளிர்சாதனம். அவர் படுக்கையறையில் அந்த வசதி இல்லை. உள்ளே இருநூறு முந்நூறு பாட்டில்கள். அவற்றில் ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் பெயரைத் தாங்கியவை தனி வரிசை. டார்ச்செஸ்டர் ஊரின் பீரைத் தன் நாவல் ஒன்றில் ஹார்டி வானளாவப் புகழ்ந்திருந்தார். அவர் இறந்து 40 வருஷமான 1968-இல், அந்த ஊரின் எல்ட்ரிஜ் போப் ஆலை அவர் நினைவாக ஒரு கடும் ஏலைக் காய்ச்சி, 25 வருஷம் வைத்திருக்கலாம் என்றது. இலக்கியவாதிக்குச் சிலை வைப்பார்கள், தெருவுக்குப் பெயர் வைப்பார்கள். 25 வருஷம் கெடாத சரக்கு வைத்தவர்கள் அவர்கள்தான்.

“அதெல்லாம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“எதெல்லாம்?”

“அந்த பாட்டிலெல்லாம். குடிச்சீங்களே.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பீரோவில் இருக்கிற கூறைப்புடவையை எடுத்துத் தரை துடைக்கச் சொன்னாற்போலிருந்தது. “இன்னும் அஞ்சு வருஷம் போகட்டும்” என்றார். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று நண்பன் பின்னால் சொன்னான். ஒருமுறை மனைவியின் பிறந்தநாளுக்கென்று ஒன்றைத் திறந்தாராம். அது அட்டைப்பெட்டியாகியிருந்தது. சீக்கிரம் திறந்திருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்ல, இன்னும் பொறுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று இவர் சொல்ல, மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

எட்டாவது பீரில்தான் வினை வந்தது.

நடுவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்வார்கள். இருவர் போடுகிற மார்க்கும் ரொம்ப விலகிப் போகக் கூடாது; போனால் பேசி நெருங்கிவர வேண்டும். நம் நடுவர் 31 போட்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளம்பெண் 41.

“தேங்காய் வாசனை தூக்கலா இருக்கு” என்றார் இவர். “ஓக் பீப்பாயில போட்டிருக்கான். மரத்துல ஊறினதுக்குத் தனி வகுப்பு இருக்கு. இங்க கொண்டுவந்து ஒளிச்சு வச்சிருக்கான்.”

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. அமெரிக்க ஓக் மரத்தில் ஒரு சத்து உண்டு. பீப்பாயில் ஊறுகிற எதற்கும் அது தேங்காய் மணத்தைக் கொடுத்துவிடும். அந்தப் பெண் மறுபடி மோந்தாள். தேங்காயும் இல்லை மாங்காயும் இல்லை என்றாள். இவர் மோந்தார். இருக்கிறது. அவள் மோந்தாள். இல்லை. பத்து நிமிடம் போனது. பிஸ்கட் தட்டு காலியாகியிருந்ததைப் பார்த்து நான் பொறுப்பாகப் புதுத் தட்டை எடுத்துப்போய், நடுவரின் தோளுக்கு மேலாகக் குனிந்து வைத்தேன்.

நடுவரின் மூக்கு கிளாஸிலிருந்து எழுந்தது. மெல்லத் திரும்பியது. என் காதோரம் வந்து நின்றது.

“தலைக்கு என்ன தேய்ச்சிருக்கீங்க?”

செண்ட் போடாதே, வாசனைச் சோப்பு போடாதே என்று நண்பன் சொல்லியிருந்தான், நானும் போடவில்லை. தேங்காயெண்ணெய் செண்ட் ஆகுமா? சனிக்கிழமையும் அதுவுமாக, அம்மா போனில் ஞாபகப்படுத்தியதன் பேரில், கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தேன். யாரோ ஒரு பாவப்பட்ட மனிதன் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு பகல் முழுக்கக் காய்ச்சி, ஒரு வருஷம் காத்திருந்து அனுப்பிய பீருக்கு, என் மண்டை 10 மார்க்கு குறைத்திருக்கிறது.

நடுவர் கோபப்படவில்லை. என்னைச் சுவரோரமாக நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். மோந்தார். ஓரடி முன்னால் வரச் சொன்னார். மோந்தார். இன்னும் ஓரடி. இப்படியாக என் தலை எத்தனை அடிக்கு எட்டுகிறது என்று கண்டுபிடித்து, தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். 31-ஐ அழித்து 40 என்று எழுதினார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வெட்கம் கொஞ்சமும் இல்லை. அந்தக் கூடத்தில் யாருக்கும் எட்டாத ஒன்றைப் பிடித்துவிட்ட பெருமைதான் இருந்தது. மாஸ்டர் பரீட்சையில் இந்தக் கேள்வி வந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருப்பார்.

மிச்ச நேரம் நான் பாத்திரம் கழுவுகிற பக்கம் மாற்றப்பட்டேன்.

கிளம்பும்போது வாசலில் பிடித்துக்கொண்டார். காரிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்துவந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அவரே காய்ச்சியது. படுக்கவைக்கக் கூடாது, நிற்கவைக்க வேண்டும். வெயில் ஆகாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஆகவே ஆகாது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர்கள்கூட இவ்வளவு சொல்வதில்லை.

அது இப்போது என் அலமாரியில், துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் நிற்கிறது. எண்ணெய் பாட்டிலை வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடுவர் போன் செய்து விசாரிப்பார். என்னை இல்லை. போன வாரம் பேசும்போது, “வர்ற தீபாவளிக்குத் திறந்துடலாமா?” என்று கேட்டேன்.

“ஐயோ, அவசரப்படாதீங்க. உங்க பையன் காலேஜ் முடிக்கட்டும்.”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது.

“ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார்.