தேய்மானவியல்: ஒரு ஹவாய் செருப்பை முன்வைத்து

ஒரு பொருள் தேய்ந்து முடிந்தபின் அதை என்ன சொல்லி அழைப்பது என்று அறிஞர்கள் போதிய அளவு கவலைப்பட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம்: சேலம்–ஜோலார்பேட்டை ரயில் தடத்தில் உள்ள, தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடி. ஆய்வுப்பொருள்: என் வலதுகால் செருப்பு. குதிகாலில் ஓட்டை, வார் பிய்ந்த இடத்தில் ஊக்கு.

பின்லாந்துக்காரர்களிடம் 'குலுனுத்' என்றொரு சொல் உண்டு. நைந்த சட்டையும் குலுனுத், நூறு தரம் கேட்ட பேச்சும் குலுனுத், கழிந்த வருஷமும் குலுனுத். சிக்கனமான ஜனங்கள். ஆங்கிலேயருக்கு இது கட்டுப்படியாகவில்லை. துணிக்கு 'த்ரெட்பேர்', அதாவது மேற்பஞ்சு போய் இழை தெரிகிறதாம். பேச்சுக்கு 'ஹாக்னிட்', கண்டவரும் ஏறிப்போன வாடகைக் குதிரை வழி வந்த சொல்.

அவர்கள் லாயத்துக்குப் போனார்கள், நாம் அடுப்படிக்குப் போனோம். பழம்பேச்சு நமக்கு அரைத்த மாவு, இல்லையேல் புளித்துப்போனது. (புளிக்குப் பேர்போன தருமபுரி மாவட்டத்தில் புளிப்பை வசவாக்கியது யார் என்பது தனி ஆய்வுக்குரியது.) மற்றபடி நாம் தாராளம்: வேட்டி நைகிறது, அரிவாள் மழுங்குகிறது, சைக்கிள் லொடலொடக்கிறது, உழைத்தவன் ஓடாய்த் தேய்கிறான். நிலாவும் தேய்கிறதுதான். ஆனால் அது பதினைந்து நாளில் வளரத் தொடங்கிவிடும். கிழிந்த ரூபாய் நோட்டுக்குக்கூட மாற்றுத் தர ரிசர்வ் வங்கியின் 2009ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. செருப்புக்கு நாதியில்லை.

ஆக, தமிழில் செருப்புக்கு உரிய சொல் 'தேய்ந்தது' என்று முடிவுகட்டி, அதை உறுதிசெய்துகொள்ள, செருப்பு தைக்கும் பெரியவரிடம் நீட்டினேன். திருப்பிப் பார்த்தார். ஓட்டை வழியாக என்னையும் பார்த்தார்.

"தேஞ்சிடுச்சுங்களா?" என்றேன்.

"தேஞ்சதா? இது தீர்ந்தே போச்சு சார்."

கோட்பாடு அங்கேயே சரிந்தது. பிறகு பார்த்தால், அந்தப் பின்லாந்துச் சொல்லின் வினைவேருக்குத் 'தீர்ந்துபோதல்' என்ற பொருளும் இருக்கிறது. பெரியவருக்கு அந்த மொழி தெரிய நியாயமில்லை.

ஊக்கை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தார். அது இன்னும் புதுசாகத்தான் இருக்கிறது.