லைன் லீடர் இலக்கணம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைப்பேசி ஆகியவை உற்பத்தியாவது யாவரும் அறிந்ததே எனினும், அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஓசையின்றி உற்பத்தியாகும் இன்னொரு பொருளாகிய லைன் லீடரைப் பற்றி அறிஞர்கள் இதுவரை போதிய கவனம் செலுத்தவில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012இல் அங்கேயே டைம்லர் என ஆலைகள் பெருகப் பெருக, ஐடிஐயோ டிப்ளமாவோ முடித்து டிரெய்னியாக உள்ளே நுழைந்த இளைஞர் சிலர், சில ஆண்டுகளில் வேறு நிறத் தொப்பி ஒன்றைப் பெற்று இப்பதவியை அடைகின்றனர். லைன் லீடர் எனப்படுபவர் அசெம்பிளி லைனின் ஒரு பகுதியில் பணிபுரியும் பத்துப் பேருக்கோ இருபது பேருக்கோ பொறுப்பானவர். சம்பளத்தை உயர்த்தவோ, ஆளைச் சேர்க்கவோ, கேன்டீன் சாம்பாரைக் கெட்டியாக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் டார்கெட் குறைந்தால் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவரே.

இத்தகையவரைத் திறமையான தலைவராக்கும் பொருட்டு, நிர்வாகங்கள் அவரை ஏதேனும் ஒரு ஹோட்டலின் குளிரூட்டப்பட்ட கூடத்துக்கு அனுப்பி, காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்டச் செய்கின்றன. கோபுரம் சரிந்ததும் பயிற்றுநர் கைதட்டி, இதிலிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்பதும், "டீம் ஒர்க் சார்" என்று அனைவரும் ஒரே குரலில் கூறுவதும் மரபு. பின்னர் தொலைநோக்கு குறித்து உரையாடல் நடைபெறும். நைட் ஷிப்டுக்கு நான்கு பேர் வரமாட்டார்கள் என்பதே அவ்வேளையில் லீடரின் கண்ணுக்கு எட்டும் அதிகபட்சத் தொலைவு.

உண்மையில் அவருடைய தலைமை சோதிக்கப்படும் இடம் கழிப்பறைக்குச் செல்லும் வழியாகும். கன்வேயர் நகர்ந்துகொண்டே இருப்பதால், லைனில் நிற்பவர் சில நிமிடம் அகல வேண்டுமானாலும் அவ்விடத்தில் வேறொருவர் நின்றாக வேண்டும். அவ்வாறு நிற்பவர் ரிலீவர் எனப்படுவார். ரிலீவரோ, பெரும்பாலான நாள்களில், லீவு போட்ட இன்னொருவரின் வேலையில் ஏற்கனவே மாட்டிக்கொண்டிருப்பார். அந்நேரத்தில் உயர்ந்த கையைக் கண்டும் காணாதவர்போல் நோட்டில் எதையோ எழுதத் தொடங்கும் லீடரும், "போய்ட்டு வா தம்பி" என்று தாமே கையுறை மாட்டிக்கொண்டு அவ்விடத்தில் நிற்கும் லீடரும் என இரு வகையினர் உளர். 1970இல் அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப், தலைவர் என்பவர் முதலில் தம் குழுவுக்குப் பணி செய்பவர் என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார்; அவர் மனத்தில் கொண்டிருந்த பணி இதனினும் மேன்மையானதாக இருக்கலாம், இதனினும் அவசரமானதாக இருக்க வழியில்லை.

இரண்டாம் சோதனை ஆண்டான். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ முதலானோர் வளர்த்த உற்பத்தி முறையின் உறுப்பான இது, குறை ஒன்றைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ விளக்கை எரியச் செய்து, உதவி கேட்கும் ஏற்பாடாகும். விளக்கு எரிந்தவுடனே லைன் நின்றுவிடுவதில்லை. தரையில் குறிக்கப்பட்ட ஓரிடம் வரை அது நகரும், அதற்குள் லீடர் ஓடிவந்து சிக்கலைத் தீர்த்தால் வேலை தொடரும், இல்லையேல் நிற்கும். விதிப்படி எவரும் இழுக்கலாம். நடைமுறையில், இழுத்தவர் யாரென்று அறிய லைன் முழுவதும் தலைகள் திரும்புகின்றன, இழுத்தவரோ லீடரின் முகத்தை மட்டும் பார்க்கிறார். "என்னப்பா ஆச்சு?" என்று அம்முகம் கேட்டால் போல்ட்டில் மரை சரியில்லை என்ற செய்தி அங்கேயே கிடைக்கும், "இப்ப எதுக்கு இழுத்த?" என்று கேட்டால் அன்று முதல் அக்கயிறு தணிக்கைக்கு வருவோருக்குக் காட்டும் அலங்காரப் பொருளாகிவிடும், மரை கெட்ட போல்ட்டுகளும் எவ்விதத் தடையுமின்றி ரீவொர்க் வரை, சில வேளைகளில் வாங்கியவர் வீடு வரை, பயணம் செய்யும். கோடிக்கணக்கில் செலவிட்டு நிறுவிய அமைப்பு ஒரு மனிதரின் புருவத்தை நம்பி இயங்குகிறது என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

புருவத்தால் ஆகாதவையும் உண்டு. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கோரித் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. அத்தகைய கோரிக்கையை லீடரின் இனிய பேச்சால் தீர்க்கலாம் என்று கருதும் பயிற்சி நூல்களை அலமாரியிலேயே விடுவது நலம்.

எஞ்சியிருப்பது ஷிப்ட் மாறும்போது செய்தியை ஒப்படைக்கும் கலை. இதில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பழம்பெருமை உண்டு. 1017இல் அங்கே பிறந்தவராகக் கொள்ளப்படும் இராமாநுசர், திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மறைபொருளைக் கோபுரமேறி அனைவருக்கும் அறிவித்தார் என்பது வைணவ மரபு. அதே ஊர் எல்லைக்குள், எந்த மெஷின் எப்போது மக்கர் செய்யும் என்ற மறைபொருளை எட்டு மணி நேரம் பாடுபட்டு அறிந்த ஏ ஷிப்ட் லீடர், பதிவேட்டில் "எல்லாம் ஓகே" என்று எழுதிவிட்டுப் புறப்படுகிறார். இதைச் சுயநலம் என்று பழிப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. கம்பெனி பஸ் காத்திராது, அதைத் தவறவிட்டால் வாலாஜாபாத் சாலையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டும் என்பதே காரணம். பஸ்ஸைப் பத்து நிமிடம் தாமதமாக எடுத்தால் இரு லீடர்களும் மெஷின் அருகே நின்று பேசிக்கொள்ள இயலும். அதற்கு டிரான்ஸ்போர்ட் பிரிவின் ஒப்புதல் தேவை, அப்பிரிவுக்கு எச்.ஆர். எழுத வேண்டும், எச்.ஆருக்கு மேலாளர் எழுத வேண்டும். திருக்கோட்டியூர்க் கணக்கை வைத்துப் பார்த்தால், இதற்காக இதுவரை மூன்று முறை நடந்துள்ள லீடருக்கு இன்னும் பதினைந்து நடை பாக்கி.