எட்டு நாப் இசையமைப்பாளர்

பண்ணைப்புரத்தில் 1943-ல் இளையராஜா பிறந்தாலும் பிறந்தார், தேனிக்கும் குமுளிக்கும் நடுவே மாடியறை காலியாக உள்ள வீட்டுக்கெல்லாம் ஓர் இசையமைப்பாளர் முளைத்துவிட்டார். கம்பத்தில் பன்னீர் திராட்சைக்கு சீசனே கிடையாது, வருஷம் முழுக்க விளையும். இவர்களும் அப்படித்தான்.

அடையாளம் சொல்கிறேன். சுவரில் முட்டை அட்டை, மேஜையில் லேப்டாப், அதற்கு முன்னால் 25 கட்டையும் நாப் எனும் திருகு குமிழ் எட்டும் கொண்ட குட்டி மிடி கீபோர்டு. கட்டைகளில் தூசி, நாப்களில் கைரேகை.

"பாட்டு எப்ப தம்பி?"

"மேப்பிங் முடியலண்ணே."

மேப்பிங் என்றால் எந்த நாபைத் திருகினால் மென்பொருளில் எது அசைய வேண்டும் என்று கட்டிவைப்பது. ஏபிள்டன் என்ற இசை மென்பொருளில் கன்ட்ரோலையும் எம்-மையும் சேர்த்து அழுத்தினால் கட்டக்கூடிய இடமெல்லாம் நீலமாகும். வேண்டியதைத் தொட்டு, நாபைத் திருகினால் ஆயிற்று. அரை நிமிஷ வேலை. தம்பி ப்ளஸ் டூ முடித்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறார். முதல் நாப் ஃபில்டருக்கு, இரண்டாவது ரிவெர்புக்கு என்று போய் எட்டும் தீர்ந்தால், அதே எட்டு நாபுக்கு வேறு வேலை கொடுக்கும் அடுத்த பேங்குக்குத் தாவுவார். எந்த பேங்கில் எதைக் கட்டினோம் என்பது மறந்துபோகும். முதலிலிருந்து ஆரம்பிப்பார். டெம்ப்ளேட்டாகச் சேமித்துவைக்கும் பழக்கமும் இல்லை. புது ப்ராஜெக்ட் திறந்தால் அதுவும் காலி.

இன்னொரு வியாதி, தாவல். கையில் நாப் 20-ல் நிற்கும், திரையில் 100 இருக்கும். தொட்ட மாத்திரத்தில் சத்தம் பொத்தென்று விழும். இதற்கு மருந்து உண்டு: பிக்கப் முறையைப் போட்டுவிட்டால், நாப் திரையிலுள்ள எண்ணைத் தொடும்வரை எதுவும் அசையாது. போட்டுக் கொடுத்தோம். "நாப் செத்துப்போச்சுண்ணே" என்று மறுநாள் விடியுமுன் போன் வந்தது.

கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள 1983-ல் வந்த மிடி முறையில் சாதாரண நாபுக்கு 0 முதல் 127 வரை 128 படிகள்தான். ஃபில்டரை மெதுவாகத் திருகினால் அந்தப் படிகள் சில நேரம் கேட்கும் என்பது உண்மையே. தம்பிக்கு எப்போதும் கேட்கிறது. எனக்கு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பின் ஹாரன்தான் கேட்கிறது. அதையும் சாம்பிள் எடுத்து நாலாம் நாபில் கட்டிவிட்டார்.

கீழேயிருந்து அம்மா குரல் கொடுப்பார்: "அந்தப் பொட்டிய இன்னும் ரிப்பேர் பாத்து முடிக்கலையாப்பா?"

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனால் மைக்செட் அண்ணன்களைப் பாருங்கள். மிக்ஸரில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருக்கும். வெற்றிலையை மென்றபடி, எங்கோ பார்த்துக்கொண்டு, பெருவிரலால் ஒரு திருகு. 'ஙொய்' என்ற ஊளை அடங்கிவிடும். தம்பி அவர்களை மதிப்பதில்லை. அதெல்லாம் அனலாக்காம்.

"ராஜா சார் தாளில் பேனாவால் எழுதியே 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றிவிட்டாரே" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"பேனாவுல ஆட்டோமேஷன் கிடையாதுண்ணே" என்றார், பரிதாபமாக. பரிதாபம் என்மேலா, ராஜா சார்மேலா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

தம்பி வீட்டுத் தெருப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 16 நாப் வைத்த கீபோர்டும் கடையில் கிடைக்கிறது என்பதை மட்டும் அவர் காதில் போட்டுவிடாதீர்கள்.