றொட் மாமா

ஆடி, ஆவணியில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகிறவர்கள் அவரைக் கட்டாயம் கண்டிருப்பார்கள். பொக்கற்றுக்கு மேல் பொக்கற் வைத்த அரைக்காற்சட்டை, பின்கழுத்தில் துணி தொங்கும் தொப்பி, தண்ணீருக்கு அடியில் நிற்கிற மீனும் தெரியும் என்று சொல்லி விற்ற கறுப்புக் கண்ணாடி. கையில், துண்டு துண்டாகக் கழற்றி உடுப்புகளுக்கு நடுவில் சூட்கேசில் வந்திறங்கிய றொட். பாலத்தடியில் பின்னேரங்களில் கைத்தூண்டிலோடு குந்தியிருக்கும் பெடியள் அவரைக் கண்டதும் எழும்பி இடம் விடுவார்கள். மரியாதை என்று அவர் நினைத்துக்கொள்வார். றொட்டைப் பின்னுக்கு ஓங்கி அவர் வீசும்போது முள் யாருடைய காதில் கொழுவும் என்று பெடியளுக்கல்லவா தெரியும்.

அல்லைப்பிட்டியில் அவருக்குப் பெயர் றொட் மாமா. அவர் ஓராள் அல்ல. ஸ்காபரோ, மார்க்கம், பிக்கறிங் என்று பல திசையில் இருந்தும் கோடை விடுமுறைக்கு வந்து சேருவார். முகம் மாறும், வயிறு மாறும், கண்ணாடி மட்டும் மாறாது.

சுற்றவரப் பரவைக்கடல் உள்ள ஊரில் பிறந்த மனிதர் மீன்பிடிக்கக் கனடாவில்தான் பழகினார். சின்ன வயதில் அவர் கடலில் கால் வைத்தால் தாய்க்குப் பொறுக்காது. "படிச்சு ஒரு உத்தியோகம் பார். கடல்கரையில கண்டனெண்டால் காலை முறிப்பன்" என்பதுதான் வீட்டுச் சட்டம். களங்கண்டியும் இறால்கூடும் வீச்சுவலையும் பக்கத்து வீட்டுக்காரரின் பாடு. இவருக்கு மீன் என்றால் சைக்கிளில் பெட்டி கட்டி வாசலுக்கு வருகிற சாமான். பிறகு 1990 வந்தது, போரில் ஊர் எழும்பி ஓடியது. திரும்பி வந்து வேலி கட்டி முடிக்க 2006 வந்தது. பிலிப்பு நேரியார் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் மீதும் ஷெல் விழுந்தது. ஊர் இரண்டாந்தரம் எழும்பியது. இதில் எந்த ஓட்டத்திலோ எங்கள் ஆள் ரொறன்ரோவில் கரையேறினார். அங்கே வேலைத்தலத்தில் கூட நின்ற ஒரு வெள்ளைக்காரன் ஒரு சனிக்கிழமை விடியப்புறம் பிக்கறிங்கில் உள்ள பிரெஞ்ச்மன்ஸ் பேக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடக்கிற சின்ன நீர்நிலை அது. நாணலும் அல்லியும் மண்டிய ஓரத்தில் பிளாஸ்ரிக் தவளையை எறிந்து இழுத்தார். ஒரு பாஸ் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. அதோடு சரி. அன்றைக்குப் பிறகு மனிசி தனியாகத்தான் கடைக்குப் போகிறார்.

மீனைவிடச் சட்டத்தில்தான் அவருக்குக் கூடப் பிரியம். ஊரில் சைக்கிளுக்கு லைட் போடாமல் ஓடித் திரிந்தவர் ஒன்ராறியோவின் மீன்பிடி விதிகளை மண்டலம் மண்டலமாக ஒப்புவிப்பார். பாஸ் பிடிக்க ஜூன் பிற்பாதியில் ஒரு சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். பெரிய லைசென்ஸ் என்றால் ஆளுக்கு ஆறு, சின்ன லைசென்ஸ் என்றால் இரண்டு. 18 முதல் 64 வயது வரைதான் லைசென்ஸ். 65 ஆனவருக்குத் தேவையில்லை. இந்தக் கடைசி விதியை வாசித்த நாள் முதல் மாமனார் மேல் அவருக்கு என்றுமில்லாத பாசம் பிறந்தது. மடக்குக் கதிரை, கம்பளித் தொப்பி, பிளாஸ்கில் தேத்தண்ணி சகிதம் மாமனாரும் ஏரிக்கரையில் இருத்தப்படுகிறார். கையில் ஒரு றொட், கண்ணில் நித்திரை. மாமனாரின் பங்கு ஆறு சும்மா போகக்கூடாது பாருங்கோ.

ஒன்ராறியோ அரசு மீன் உண்போருக்கு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. எந்த ஏரியில், எந்த இனம், எவ்வளவு நீளமுள்ள மீனை மாதத்துக்கு எத்தனை நேரம் சாப்பிடலாம் என்று, மீனில் உள்ள பாதரசம் முதலான நஞ்சுகளைக் கணக்குப் பார்த்துப் போட்ட அட்டவணை. றொட் மாமா அதைப் பஞ்சாங்கம் மாதிரிக் காரில் வைத்திருக்கிறார். அல்லைப்பிட்டியில் உள்ள தாய்க்கு ஒருக்கால் போனில் இதை விளங்கப்படுத்தினார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எண்ணிச் சாப்பிடுறதுக்கு மீனென்ன, குளிசையே?" என்று கேட்டுவிட்டு மனுசி போனை வைத்துவிட்டார்.

பிடித்த மீன் வீட்டுக்கு வந்தாலும் வில்லங்கம்தான். பாஸுக்குப் பழப்புளி விட்டு, யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, வெந்தயம் தாளித்துக் குழம்பு வைப்பார்கள். பிள்ளைகள் தொடமாட்டார்கள். இவர் தொட்டு நக்கி, கண்ணை மூடி, தலையை ஆட்டுவார். "என்ன இருந்தாலும் எங்கட ஒராவுக்குக் கிட்ட வராது." வசந்தகாலத்தில் போட் ஹோப்புக்கு ஓடிப்போய், கனரஸ்கா ஆற்றில் ஏறும் ரெயின்போ ட்ரவுட்டைப் பிடித்துக்கொண்டு வந்தும் இதே தீர்ப்புத்தான். அந்த ட்ரவுட்டும் பசிபிக் கரையைச் சேர்ந்தது, 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்டது என்று யாரோ சொன்ன பிறகு மட்டும் அதன் மேல் ஒரு கரிசனை. "அதுவும் எங்களை மாதிரி வந்து சேர்ந்ததுதானே, பாவம்" என்றபடி எலும்பை ஒதுக்குவார்.

விமானம் பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ இறங்கியதும் எல்லாம் தலைகீழ். அல்லைப்பிட்டித் திண்ணையில் ஒராக் குழம்பும் ஒடியல் கூழும் வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொண்டே, "பாஸ் எண்டால் மீன் தம்பி" என்று தொடங்குவார். கை இரண்டையும் விரித்து நீளம் காட்டுவார். கூழ் இறங்க இறங்கக் கை விரியும். ஒன்ராறியோவில் நிற்கும்போது ஒராவும், ஒரா கிடைக்கிற இடத்தில் பாஸும் ருசிக்கிற நாக்கு அவருடையது. இந்த நாக்கு எங்கள் ஆட்கள் பலருக்கு உண்டு; றொட் வாங்கியவர்கள் மட்டும் வெளியில் தெரிகிறார்கள்.

வந்த அடுத்த நாளே ஊர்க்குளத்துக்குப் புறப்படுவார். பிளாஸ்ரிக் தவளை தயார். ஆனால் மாதம் ஆவணி. இந்தத் தீவுகளில் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழைதான் எல்லாம். மணலுக்குள்ளும் சுண்ணக்கல்லுக்குள்ளும் உவர்நீரின் மேல் மிதந்து கிடக்கிற அந்த மழைத்தண்ணியைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். ஆவணியில் குளம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும், நடுவில் மாடு. மழைக்காலத்தில் வந்தால் விரால் அந்தத் தவளையைப் பாய்ந்து கவ்வும், பாஸ் தோற்றுப்போகும். கனடாப் பள்ளிக்கூடங்கள் எங்கள் மழையைக் கேட்டா விடுமுறை விடுகின்றன? ட்ரவுட்தான் வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குப் போகலாம். 1880களில் வெள்ளைக்காரர் தங்கள் பொழுதுபோக்குக்காக அந்தக் குளிர் ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். போகச் சொன்னால், "குளிருக்குப் பயந்துதானே இங்கை வந்தனான்" என்பார்.

ஆகவே பரவைக்கடல். கொடுவாவும் பாஸ் வகைதான் என்று இணையத்தில் பார்த்துவிட்டு, முழங்கால் தண்ணியில் இறங்கி நிற்பார். பெட்டியைத் திறந்தால் நாலு தட்டில் பொய் மீன்களும் பொய்ப் புழுக்களும் பளபளக்கும். எல்லாம் சீனத்தில் செய்தவை. 1970களின் பிற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் என்ற தொல்லியலாளர் இதே அல்லைப்பிட்டியில் தோண்டி, சொங் காலத்துச் சீனப் பாத்திர ஓடுகளை எடுத்தார். ஏறத்தாழ ஆயிரம் வருசத்துக்கு முந்திய சரக்கு. சீனச் சாமான் இந்தக் கரையில் இறங்குவது புதினமில்லை. கனடா சுற்றி வருவதுதான் புதினம்.

சற்றுத் தள்ளிக் களங்கண்டிக்காரர் கம்புகளைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பார். நீரோட்டத்தோடு வரும் மீனை வலைவேலி வழிகாட்டிப் பட்டிக்குள் சேர்த்துவிடும். விடியப் போய் அள்ளினால் சரி.

"அண்ணை, மீன் தன்ரபாட்டில வரும். நீங்கள் ஏன் அதுக்குப் பின்னால ஓடுறியள்?"

"உது தொழில். இது ஸ்போட், தம்பி."

நெடுநேரத்துக்குப் பிறகு றொட் வளையும். கெழுத்தி ஒன்று. பாஸ் பிடிக்கிறவர்கள் பெருவிரலை வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையில் தூக்கிப் படம் எடுப்பார்கள். இவரும் அப்படியே தூக்கினார். கெழுத்திக்கு இந்த வழக்கம் தெரியாது. செட்டை முள்ளால் ஒரு குத்து. மருமகன் ஓடிப்போய்ச் சுடுதண்ணி கொண்டுவந்து கையை அமத்தி வைக்க, மாமா வலியோடு வலியாக மீனைத் திரும்பத் தண்ணிக்குள் விட்டார்.

களங்கண்டிக்காரருக்கு மனம் கேட்கவில்லை. "விடுறதுக்கெண்டால் ஏன் அண்ணை பிடிச்சனியள்?"

"பிடிச்சு விடுறதுதான் நாகரிகம். வளரட்டும்."

"அது விடிய என்ர பட்டிக்குள்ளதான் வந்து நிக்கும். நான் வளர விடமாட்டன்."

விடுமுறை முடிந்து போகும்போது நிறை கூடிவிட்டது. புழுக்கொடியலும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் சூட்கேசை நிரப்பிவிட்டன. றொட்டும் றீலும் மருமகனுக்கு. "எண்ணெய் போட்டு வை. மாரிக்குள்ள குளத்தில இறங்கு. விரால் பட்டால் நீளம் அளந்து எனக்குப் படம் அனுப்பு."

தைப்பொங்கலுக்கு ரொறன்ரோவில் இருந்து போன் வந்தது. வெளியே பனி, சனிக்கிழமை, மாமனாருக்குத் தடிமன்.

"என்னடா, றொட் பாவிக்கிறியோ?"

"ஓம் மாமா, ஒவ்வொரு நாளும். நல்ல நூல். அறாது."

"நிறையப் படுகுதோ?"

மருமகன் வானத்தில் நின்ற பட்டங்களைப் பார்த்தான். காற்று நன்றாக இருந்தது. "படுகுது மாமா. நேற்று இழுத்த இழுவையில றீல் முழுக்கக் கழண்டுபோச்சு."

"அடேய், என்ன மீன்?"

"எட்டுமூலை."

மாமா கேள்விப்படாத இனம். வழிகாட்டியை எடுத்துத் தேடத் தொடங்கினார்.