பாறை ஓடுமா?

கோட்டி குஜராத்தி கல்லியில் கேமரா விற்கும் பாய் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்பது. "பத்தர்" என்றேன். பாறை. அவர் கையிலிருந்த இரானி சாயாவைக் கீழே வைத்தார். நான் கேட்ட கேமராவின் அட்டைப்பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பறக்கிற பறவையின் கண்ணைத் தானே தேடிப்பிடித்து ஃபோகஸ் வைக்கும் என்று அதில் போட்டிருந்தது.

"பத்தர் பாகேகா க்யா, சாப்?"

பாறை ஓடுமா? ஓடாதுதான். ஹைதராபாத் பாறைகள் ஏறக்குறைய 250 கோடி வருஷமாக ஓடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போன மாதிரி நிற்கும். யாரும் அடுக்கியதில்லை. மண்ணுக்கடியில் ஒரே கருங்கல்லாகக் கிடந்தபோது, வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி மூலைமுடுக்கெல்லாம் அரித்து உருண்டையாக்கியது. பிறகு மேல்மண் கரைந்து போய்விட்டது. மாவு போய் உருண்டை மட்டும் மிஞ்சிய கதை. ஷில்பாராமத்துக்குள் கரடி மூக்கு என்று ஒன்று, பல்கலைக்கழக வளாகத்துக்குள் காளான் என்று ஒன்று.

எங்கள் புப்பாலகூடா அடுக்குமாடியின் பின்பக்க பால்கனியிலிருந்து பார்த்தால் பெயரில்லாத ஒன்று தெரியும். கீழே குத்தவைத்த உடம்பு, அதன்மேல் ஒரு தலை, தலைமேல் சற்றே சாய்ந்த உருண்டை. நான் வைத்த பெயர் முண்டாசுத் தாத்தா. ஒரு மார்கழிக் காலையில் முண்டாசின் விளிம்பில் வெயில் பட்டபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இதை ஆவணப்படமாக எடுக்க வேண்டும். ஒரு வருஷம், ஆறு பருவம், ஒரு பாறை.

சென்னையில் கல்யாண வீடியோ எடுக்கும் என் மைத்துனனிடம் சொன்னேன். "முதல்ல மெயின் கேமராவை முடிவு பண்ணுங்க அத்தான். மத்ததெல்லாம் தானா வரும்" என்றான். முகூர்த்த நேரத்தில் பேட்டரி தீர்ந்து ஒரு தாலி கட்டைத் தவறவிட்டவன் அவன். சொன்னதில் அனுபவம் இருந்தது. முடிவு பண்ண உட்கார்ந்தேன். மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சென்சார். கேமராவுக்குள் வெளிச்சம் விழும் சில்லு. ஃபுல் ஃபிரேம் என்பது 36 மில்லிமீட்டருக்கு 24. பழைய ஃபிலிம் கட்டத்தின் அளவு. கையடக்க வீடியோ கேமராக்களில் இருப்பது "ஒரு இன்ச் சென்சார்". வீட்டில் ஸ்கேலை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். இந்தச் சில்லின் நீளம் 13.2, அகலம் 8.8. குறுக்கே அளந்தாலும் 16-ஐத் தாண்டாது. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு இன்ச் வராத பொருளுக்கு ஒரு இன்ச் என்று பெயர். அந்தக் காலத்து டிவி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த கணக்காம். குழாய் போயே போய்விட்டது. நாம் இன்னும் குழாய்க்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பேகம் பஜாரில் துணி வாங்கப் பழகிய என் மனைவிக்கு மட்டும் இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அடுத்தது வெயில். சினிமாவுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் ஐம்பதில் ஒரு விநாடி திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும். இந்தக் காலத்து கேமராக்கள் பலவற்றில் லாக் என்கிற பதிவு முறையில் எடுத்தால், வெளிச்சத்துக்கு எவ்வளவு உணர்வு என்று காட்டும் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு உச்சிவெயிலில் நின்றால் லென்ஸின் துளையை எஃப் 64-க்குச் சுருக்க வேண்டும். என் லென்ஸ் 22-ஓடு நின்றுவிடும். எஃப் 5.6-இல் எடுக்க ஆசைப்பட்டால் வெளிச்சத்தை 128-இல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். என்டி ஃபில்டர். சில கேமராக்களில் அது உள்ளேயே இருக்கும். சக்கரத்தைத் திருகினால் போதும். அவை விலை கூட. மற்றதில் லென்ஸ் முன்னால் திருகி மாட்ட வேண்டும். மேகம் வந்தால் கழற்று, போனால் மாட்டு. பாறை அசையாது, இருக்கட்டும், மேகம் அசையுமே! இந்த ஒரு வாதத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினேன்.

அடுத்த எட்டு மாதம் அரை மணி நேரத்துக்காகப் போனது. போட்டோ கேமராவிலேயே வீடியோவும் எடுக்கலாம் என்று வந்த காலத்தில், அவற்றில் பல 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் அது வீடியோ கேமரா, அதற்கு இறக்குமதி வரி அதிகம் என்று ஐரோப்பாவில் ஒரு கணக்கு இருந்தது. ஐரோப்பியச் சுங்கத்துறைக்குப் பயந்து புப்பாலகூடாவில் படம் நின்றது. வாடகைக்கு எடுத்த அப்படி ஒன்றை வைத்து, காஜாகூடா பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம் பேட்டி எடுத்தேன். முதல் பத்து நிமிடம் என் ஊர் எது என்று விசாரித்தார். அடுத்த பத்து நிமிடம் முழங்கால் வலி. அதற்கடுத்து ஆட்டு விலை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தப் பாறைக்குள்ள என்ன இருக்குன்னு எங்க தாத்தா சொன்னாரு தெரியுமா" என்று தெலுங்கில் ஆரம்பித்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. மறுபடி ஓட்டிவிட்டுக் கேட்டபோது, "அதான் சொன்னேனே" என்று எழுந்துவிட்டார்.

மே மாதத்தில் கேமராவைப் பரிசோதித்தது என் தப்பு. 42 டிகிரி. இருபதாவது நிமிடம் திரையில் தெர்மாமீட்டர் படம் ஒன்று வந்தது, பிறகு திரையே போய்விட்டது. கேமராவோடு கூட வந்திருந்த பையன் கிருஷ்ணா நகர்க்காரன். பெரிய பெரிய படங்களில் குடை பிடித்தவன். ஒரு வார்த்தை பேசாமல் குடையை விரித்துக் கேமராவுக்குப் பிடித்தான். எனக்கு ஒரு துண்டு கொடுத்தான். சாயங்காலம் கேமரா வாடகையோடு அவனுக்குப் பேட்டாவும் கொடுத்தேன். கணக்குப் போட்டால் அன்று முழுக்க அதிகம் வெயில் பட்டது நான், கம்மியாகச் சம்பாதித்ததும் நான்.

வீட்டில் பில்களைப் பார்த்த மனைவி ஒரு வரியில் நின்றாள். "டெட் கேட், இரண்டாயிரம் ரூபாய். செத்த பூனையை எதுக்குங்க வாங்கினீங்க?" மைக்கில் காற்று இரையாமல் இருக்க மாட்டும் மயிர்ச் சட்டைக்குத் தொழிலில் அதுதான் பெயர் என்று விளக்கினேன். சாம்பல் நிறத்தில் முடி முடியாக, வால் மட்டும் இல்லாமல் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு குன்றில் ஏறினால், காஜாகூடா நாய்கள் அதைத் தொழில் சாதனமாகப் பார்ப்பதில்லை. எந்த மைக் காற்றைத் தாங்கும் என்று யூடியூபில் பலபேர் பரிசோதித்திருக்கிறார்கள். எது நாயைத் தாங்கும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒலி விஷயத்தில் இந்த ஊரில் குதுப் ஷாஹி ராஜாக்களை மிஞ்ச ஆளில்லை. கோல்கொண்டாவின் ஃபதே தர்வாஜாவில் கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும். கிளாப் அடிக்கும் வசதியோடு கோட்டை கட்டியிருக்கிறார்கள். நான்தான் கேமரா கொண்டுபோகவில்லை.

இதற்குள் எனக்கு முன்பே உமா மகால் என்பவர் ஹைதராபாத் பாறைகளைப் பற்றி 'அதர் கோஹினூர்ஸ்' என்று முழு ஆவணப்படமே எடுத்து முடித்திருப்பது தெரியவந்தது. பாறைகளைக் காப்பாற்ற 1996-லிருந்து ஒரு சங்கமே இருக்கிறது. அதன் ஆட்கள் மாதாமாதம் பாறைகளுக்கிடையே நடக்கிறார்கள். வெட்கப்பட்டிருக்க வேண்டும். நானோ படத்தை ஓட்டிவிட்டு, என்ன கேமரா என்று கடைசியில் ஓடும் எழுத்துகளில் தேடிக்கொண்டிருந்தேன்.

வெட்கம் வந்தது வேறொருவரால். கோட்டையூர் ஏ.கே. செட்டியார், 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கலாம் என்று நினைத்தார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோகிராபி படித்தவர். அவர் நினைத்திருந்தால் கேமராவைப் பற்றி நம்மைவிட நன்றாகவே குழம்பியிருக்கலாம். குழம்பவில்லை. முப்பது வருஷத்தில் நூறு பேர் எடுத்துப் பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருளையெல்லாம் தேடி ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்தார். 50,000 அடி சேர்ந்தது. 1940-இல் படம் தமிழில் வெளிவந்துவிட்டது. கப்பலில் தோன்றியதிலிருந்து தியேட்டர் வரை மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

50,000 அடி ஃபிலிமை இன்றைய சினிமா வேகத்தில் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகம் வரும். ஒரே ஒரு சனி, ஞாயிறில் நான் பார்த்த கேமரா விமர்சனங்கள் அதைவிட அதிகம்.

உடனே கோட்டிக்குப் போனேன். பாய் அதே சாயாவைக் குடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. வெட்டிப் பேச்சு பேசாமல், உள்ளேயே என்டி இருக்கிற, நேரக் கணக்கில்லாமல் ஓடுகிற, அகலத்திலிருந்து நெருக்கம் வரை ஒரே லென்ஸில் போகிற சாதாரண ஒரு இன்ச் கேமராவைக் காட்டச் சொன்னேன். வந்துவிட்டதா என்றேன். "பர்ஸோ ஆயா" என்றார். பர்ஸோ என்றால் அகராதிப்படி முந்தாநாள். ஹைதராபாத்தில் அது முந்தாநாளாகவும் இருக்கலாம், போன ரம்ஜானாகவும் இருக்கலாம், நிஜாம் ஆட்சியாகவும் இருக்கலாம். பெட்டியின்மேல் இருந்த தூசியைப் பார்த்தால் ரம்ஜான் என்று தோன்றியது. வாங்கிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை ட்ரைபாடை பால்கனிக்கு எதிர்ப்புறச் சந்து வழியாகக் கொண்டுபோனேன். பின்பக்க பால்கனியை நாங்கள் கொசுவுக்குப் பயந்து வலையும் அலமாரியும் போட்டு அடைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சந்து முடிகிற இடத்தில் நீலத் தகர வேலி. வேலிக்கு அப்பால் வானம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. வேலி ஓட்டைவழியே பார்த்தேன். பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் சதுரம் சதுரமாக அடுக்கிய கல். வாட்ச்மேன் பல் குச்சியோடு வந்தார்.

"இங்கே ஒரு பாறை இருந்ததே, எப்போது உடைத்தார்கள்?"

"பர்ஸோ, சாப்."

காப்பாற்ற வேண்டிய பாறைகளுக்குப் பட்டியல் இருக்கிறது. கரடி மூக்கு அதில் இருக்கிறது. தாத்தாவைச் சேர்க்கச் சொல்லி யாரும் மனுக் கொடுத்திருக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கேமரா முடிவாகட்டும் என்றிருந்தேன்.

என் நிலைமையைப் பார்த்து மனைவி தன் போனைத் துழாவினாள். இரண்டு பொங்கலுக்கு முன்னால் அவள் தங்கை திருச்சியிலிருந்து வந்திருந்தபோது பால்கனியில் எடுத்த வீடியோ. செங்குத்தாகப் பிடித்தது, பதினாலு விநாடி. பானை பொங்குகிறது. "அத்தானைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுக்கா" என்று ஒரு குரல். அத்தான் தள்ளவில்லை. போனில் குனிந்திருக்கிறார், அதிலிருந்து, குறைந்த வெளிச்சத்தில் எந்த கேமரா நன்றாக எடுக்கும் என்று யாரோ சொல்லிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்கிறது. தாத்தாவின் உடம்பு முழுக்க எனக்குப் பின்னால் மறைந்துவிட்டது. முண்டாசு மட்டும், சற்றே சாய்ந்து, என் தலைமேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. ஃபோகஸ் என் வழுக்கையில் இருக்கிறது.