காருக்கு அடியில் இரண்டு கால்கள்

சென்னைப் புறநகர் அடுக்ககங்களில் விடுமுறைக் காலையில் வண்டி நிறுத்துமிடத்தைக் கடப்பவர்கள், பழைய மாருதி 800 ஒன்றின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பதற வேண்டாம், விபத்தல்ல. கால்களின் சொந்தக்காரர் வாரம் முழுக்க வங்கியிலோ மின்வாரியத்திலோ கோப்பு பார்ப்பவர். இன்று காரின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் ஷாக் அப்சர்பரையும் மாற்றுகிறார்.

இவரை மற்ற மனிதர்களிடமிருந்து பிரிப்பது காது. வீட்டில் குக்கர் ஐந்து விசில் அடித்தாலும் கேட்காது. காரின் இடது முன்சக்கரப் பக்கம் ‘டொக்’ என்றால் போதும், வண்டிக்குள் அத்தனை பேச்சும் நிற்க வேண்டும். “ஏங்க, பாட்டாவது போட்டுக்கலாமா?” என்று மனைவி கேட்டால், “இரு, இரு, இன்னொரு தடவை வருதான்னு பார்ப்போம்” என்பார். மகனைப் பின்சீட்டில் குனியவைத்து, தரையில் காதை வைத்துக் கேட்கச் சொன்னதும் உண்டு.

சத்தங்களுக்கு அவரிடம் ஒரு தனி இலக்கணம் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்றால் ஸ்டெபிலைசர் புஷ். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘கடக்’ என்றால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட். ‘கீச்’ என்றால் காய்ந்துபோன ரப்பர். எதற்கும் அடங்காத சத்தமாக இருந்தால் அது டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் சில்லறை. அதை மட்டும் அவர் கடைசிவரை சந்தேகிக்கமாட்டார்.

தேய்ந்த ஷாக் அப்சர்பருக்குச் சத்தம்கூட வேண்டாம். பானெட் மூலையை அழுத்திவிட்டால், நல்ல ஷாக் உள்ள வண்டி மேலெழுந்து சட்டென்று அடங்கிவிடும். தேய்ந்திருந்தால் இரண்டு மூன்று தரம் ஆடும். இந்தப் பரிசோதனையைத் தன் வண்டியோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. கல்யாண மண்டப வாசலில் சம்பந்தி வீட்டுக் காரை அழுத்திப் பார்த்து, “பின்னாடி ரெண்டும் போச்சு” என்று அறிவித்துவிட்டுத்தான் பந்திக்கே போவார்.

எல்லாப் பழியும் அவர் கணக்கில் வேகத்தடைகளுக்கே. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வளைந்து ஏறி வளைந்து இறங்க வேண்டும். இந்த அளவுகள் அவருக்கு மனப்பாடம். அவர் தெருவில் இருப்பதோ, யாரோ இரவோடிரவாகச் சிமென்டைக் கொட்டி எழுப்பிய வரப்பு. அதில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் விதியை உரக்கச் சொல்வார். வரப்பு திருந்தியதாகத் தெரியவில்லை.

அடுத்தது, உதிரிப்பாகம் வாங்க ஜி.பி. ரோடு. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனால் 1983-இலிருந்து 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி என்பதால் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. “கம்பெனி ஐட்டமா சார், சாதாவா?” என்று கடைக்காரர் கேட்டால் இவர் உடனே பதில் சொல்லமாட்டார். புஷ்ஷை வாங்கி நகத்தால் அழுத்துவார், முகர்வார், வெளிச்சத்தில் பிடிப்பார். கத்தரிக்காய் வாங்கத் தெரியாதவர் என்று வீட்டில் பெயரெடுத்தவர் இவர்தான் என்று சொன்னால் அந்தக் கடைக்காரர் நம்பமாட்டார். பக்கத்துப் புதுப்பேட்டையில் பழைய வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து விற்கிறார்கள். கதவும் கண்ணாடியும் அங்கே வாங்குவார். ஷாக் அப்சர்பரை மட்டும் புதிதாக, அதுவும் ஜோடியாகத்தான் வாங்குவார். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக ஓட்டினால் பிரேக் அடிக்கையில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும் என்பார். சரியான பேச்சு.

வேலை தொடங்கியதும் கூட்டம் சேரும். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். துருவேறிய போல்ட் அசைய மறுக்கும். டபிள்யூ.டி.-40 அடித்துவிட்டு, அது ஊறும்வரை சொற்பொழிவு: 1953-இல் சான் டியாகோவில் ராக்கெட் உடம்பு துருப்பிடிக்காமலிருக்கச் செய்தார்கள், நாற்பதாவது முயற்சியில்தான் சரியாக வந்தது, பெயரிலுள்ள 40 அதுதான். போல்ட் அப்போதும் அசையாது. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி நீட்டிக்கொண்டு, அடுத்த அத்தியாயம்: ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கர் ஸ்ப்ரிங்கையும் ஷாக்கையும் ஸ்ட்ரட் என்ற ஒரே தூணாக்கினார், 1950-இல் இங்கிலாந்து ஃபோர்டு கான்சலில் அது வந்தது, அந்தத் தூண்தான் நம்ம 800-இல் முன்னாடி இருப்பது. “மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும் சார்” என்பார் தலைமையாசிரியர். காருக்கு அடியிலிருந்து பதில் வராது.

விளையாட்டெல்லாம் அந்த ஸ்ப்ரிங்கைத் தொடும்வரைதான். அழுந்திய ஸ்ப்ரிங்கின் மேல் நட்டை நேரே கழற்றினால் அது பாய்ந்து முகத்தைப் பெயர்த்துவிடும். அதனால் இருபுறமும் கம்ப்ரஸர் மாட்டி, மாற்றி மாற்றி முறுக்கி, ஸ்ப்ரிங் அழுந்தி இருக்கையில் தளர்ந்த பிறகே நட்டில் கை வைப்பார். அப்போது பேச்சு நின்றுவிடும், பிள்ளைகளும் பக்கத்தில் வரக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவதும் கிடையாது. ஸ்டாண்டு கொடுத்து, அதற்கும் மேல் காப்பாக ஸ்டெப்னியை அடியில் தள்ளிவைப்பார்.

இவருடைய நிஜமான பெருமை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. வண்டி ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது ஆர்ம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுக்க முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கேறியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். அவசரத்தில் இருக்கும் பட்டறைகள் பலவற்றில் இதைப் பார்ப்பதில்லை. இவர் சக்கரங்களைக் கனத்த பலகைகள்மேல் இறக்கி, வண்டியின் பாரம் முழுதும் உட்கார்ந்த பிறகு, மறுபடி உள்ளே ஊர்ந்துபோய் இறுதி முறுக்கு முறுக்குவார். இதற்கு மெக்கானிக்குகள் தனிக் கூலி வாங்குவதில்லை, பலர் செய்வதுமில்லை.

மிச்சப்பட்ட பணம் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். புஷ் சில நூறு ரூபாய். அதைப் பிதுக்கி எடுக்க வாங்கிய கருவி சில ஆயிரம். கருவிச் செலவை நோட்டில் எழுதுவதில்லை. அந்தக் கணக்கு மனைவியிடம், தேதியோடு பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் வீல் அலைன்மென்ட் கடை. ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் அளவு மாறியிருக்கும், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. கடைப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, “வேலை சுத்தமா இருக்கு சார். எந்த மெக்கானிக்?” என்றான்.

“எனக்குத் தெரிஞ்சவர்தான்.”

“நம்பர் குடுங்க சார், எங்க கஸ்டமருங்க கேப்பாங்க.”

நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்த கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். “வேணாம்ப்பா. அவர் ரொம்பப் பேசுவார்.”